அஞ்சடி நாலங்குலம்

மூன்று துண்டுகளையும் ஷொப்பிங் பையில் போட்டு
முபீத் நாநா தந்துவிட்டார்.
ஒவ்வொன்றும் ஒரு விசுக்கோத்துப் பெட்டியளவு.
அநுராதபுரச் சந்தியிலிருந்து உப்புவெளி வரை
பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
இறங்கும்போது தொடை மரத்திருந்தது.

குசினி இன்னும் குசினியாகவில்லை.
இரண்டு வாளி, மேலே ஒரு பலகை.
அதில் மூன்றையும் வைத்தேன்,
வெள்ளை மாபிள், சாம்பல் குவாட்ஸ், கறுப்புக் கிரனைட்.
பாதித் தேசிக்காய் பிழிந்தேன்.
கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் பழப்புளி.
நண்டுக் குழம்பு கொதித்த சட்டியை
அடுப்பால் இறக்கி இறக்கி
ஒவ்வொன்றின் மேலும் பத்து நிமிஷம்.

விடியப் பார்த்தால்
தேசிப்புளி பட்ட இடமெல்லாம் மாபிள்
மினுக்கம் போய்ப் பூளை படிந்த கண்ணாய்க் கிடந்தது.
குவாட்ஸில் சட்டியின் அடி
மஞ்சளாய் ஒரு வட்டம்.
கறுப்பு ஒன்றுமே சொல்லவில்லை.
ஒன்றும் சொல்லாததை நம்பலாமா
என்பது வேறு கேள்வி.

கேதாரன் டோஹாவிலிருந்து வீடியோவில் வந்தான்.
அவன் வேலை செய்யும் ஹோட்டலில்
கழிப்பறைக்கும் வெள்ளை மாபிள்தான்.
"வெள்ளைதான் வடிவு" என்றான.
"அங்க ஆர் நண்டு உடைக்கிறது?" என்றேன்.
சிரித்தான். படம் நின்றுவிட்டது.
பாதிச் சிரிப்பில் திறந்த வாயோடு
கொஞ்ச நேரம் என் முன்னால் இருந்தான்.
போனுக்குள் மூன்று கல்லும் ஒரே நிறமாம்.
பிறகு குரல் மட்டும் வந்தது:
"துடைக்கிற ஆளுக்குத்தான் தெரியும். நீயே எடு."
எட்டு வருஷமாய்த் துடைக்கிறவன் சொன்னது.

கறுப்பு, சதுர அடிக்கு
நான் நினைத்ததைவிட இரண்டாயிரம் கூட.
மாவாலைக் கந்தோரில்
ஊரார் தொகைகளைச் சரிபார்க்கிற நான்
என் தொகையை மூன்று தரம் கூட்டினேன்.
மூன்று தரமும் அதே விடை.

முபீத் நாநா கடைக்குப் பின்னால் கூட்டிப்போனார்.
மதிலோடு சாத்தி, சாக்கு மூடி ஒரு பலகைக்கல்.
பக்கத்தில் ஒரு புள்ளிமான்
பப்பாசித் தோலைச் சப்பிக்கொண்டு நின்றது.
"அஞ்சடி நாலங்குலம். பாதி விலை.
ஆனா ஒரு சின்னக் கதை இருக்கு."

சாக்கை விலக்கினார். பொன்னெழுத்து.
ஏதோ ஒரு மீன்சந்தையின் திறப்பு விழா.
அமைச்சரின் பட்டங்கள், பெயர், திகதி.
திகதிக்கு நாலு நாள் முன்னம் அமைச்சர் மாறிவிட்டார்.
புதியவருக்குப் புதிய கல்.
இதற்குக் காசும் வரவில்லை.

"பின்பக்கத்தைப் பொலிஷ் பண்ணித் தாறன்.
எழுத்துக் கீழ போயிரும்.
ஒருத்தருக்கும் தெரியாது."
"எனக்குத் தெரியுமே."
"நீங்க ஆரிட்டச் சொல்லப்போறீங்க?"
மான் எங்களைப் பார்த்தது.

வீட்டுக்குப் போய் யோசித்தேன்
என்று எழுத ஆசைதான்.
இல்லை, அங்கேயே அட்வான்ஸ் கொடுத்தேன்.

பொருத்த வந்த செபமாலை பாஸ்
"சிங் எங்க வரவேணும்?" என்றார்.
"யன்னலுக்கு நேரே."
பென்சிலால் கோடு போட்டார்.
இரண்டு மணித்தியாலம் கிரைண்டர் கத்தியது.
கறிவேப்பிலை மரம் வரைக்கும் சாம்பல் தூள்.
வெட்டியெடுத்த துண்டைத் தூக்கிக் காட்டினார்.
அமைச்சர் முழுதாக அதில் இருந்தார்,
பட்டம் ஒன்றும் குறையாமல்.
இப்போது கிணற்றடியில் கிடக்கிறார்.
எழுத்துப் பக்கம் மேலே,
ஈரக்கால் வழுக்காது.

நேற்று காஸ் சிலிண்டர் மாற்றக் குனிந்தேன்.
இருட்டில் புறங்கை மேலே உரசியது.
கை திருப்பி, விரலால் எழுத்துக் கூட்டினேன்.
சிங்குக்கு இந்தப் பக்கம் "அவர்களால்".
பிறகு கொஞ்சம் வெறுங்கல்.
பிறகு "திறந்து வைக்கப்பட்டது".

சிலிண்டரைத் திருகி
சவர்க்காரத் தண்ணி தடவிக் கசிவு பார்த்தேன்.
தேத்தண்ணிக்குக் கேத்தல் வைத்தேன்.
மேலே, பையிலிருந்து தப்பிய ஒரு நண்டு
எட்டுக் காலாலும் முயன்று
கறுப்பில் பிடிகிடைக்காமல்
நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தது.